காற்று வாங்க வாங்க

ஊதல்மேட்டில் காற்று நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அதை முதலில் கண்டுபிடித்தவள் முப்பிடாதி. கணவாய்ப் பாறைக்குப் போகும் பாதையில் தள்ளுவண்டி போட்டு மாங்காய்க் கீற்றும் அவித்த கடலையும் விற்கிறவள் அவள். கீற்றுக்கு மிளகாய்ப் பொடி தூவ வேண்டுமென்றால் அவள் மாங்காய்க்கு மேல் தூவமாட்டாள், ஒரு சாண் மேற்கே தள்ளித் தூவுவாள். கணவாய் வழியாக வருகிற காற்று அந்தப் பொடியை ஏந்திக்கொண்டு வந்து, ஒரு துளி சிந்தாமல் மாங்காயின் மேல் போட்டுவிட்டுப் போகும். அன்றைக்கும் அப்படித்தான் தூவினாள். பொடி தூவிய இடத்திலேயே விழுந்தது. அந்த இடத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவருடைய வெள்ளைச் செருப்பு இருந்தது.

அந்த ஊரில் யாரும் நேராக நிற்கிறவர்கள் அல்ல. பிறந்ததிலிருந்து காற்றின் மேல் சாய்ந்தே நடந்து பழகியவர்கள். மேற்கே போகும்போது முன்னால் சாய்வார்கள், கிழக்கே திரும்பும்போது பின்னால் சாய்வார்கள், தெற்கு வடக்காகப் போகிறவர்கள் ஒருக்களித்துப் போவார்கள், அதனால் ஊரில் எல்லாருக்கும் ஒரு கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும். அன்று பத்தேகால் மணிக்குக் கணவாயை நோக்கி நடந்துகொண்டிருந்த பதினோரு பேர் ஒரே நேரத்தில் முகம் குப்புற விழுந்தார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, யார் தள்ளியது என்று ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

பேச்சிலும் அதே கதைதான். காற்றைத் தாண்டிப் பேச வேண்டும் என்பதால் ஊதல்மேட்டில் ரகசியம்கூடக் கத்தித்தான் சொல்வார்கள். காற்று நின்ற பிறகும் தொண்டைக்கு அது தெரியவில்லை. அன்று மத்தியானத்துக்குள் எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த மாமியாருக்கு எந்த மருமகள் என்ன பெயர் வைத்திருக்கிறாள், பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பன் எந்தக் கிழமையில் தலைக்கு மை அடிக்கிறார் என்பதெல்லாம் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. கேட்டதைக் கேட்காததாக ஆக்க வழியில்லை என்பதால், எல்லாரும் எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள்.

இரண்டு நாளில் வந்துவிடும் என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். எங்காவது போயிருக்கும், வழி தெரியாமலா போய்விடும் என்றார்கள். முப்பிடாதியால் அப்படி இருக்க முடியவில்லை. அவளுடைய வீட்டுக்காரன் உச்சிமாகாளி அந்தக் காற்றில்தான் உயிரோடு இருந்தான்.

உச்சிமாகாளி இருபது வருஷம் பஞ்சாலையில் வேலை பார்த்தவன். பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து, எட்டு வருஷத்துக்கு முன்னால், டாக்டர் கையை விரித்த பிறகு, இளைப்போடு ஊர் வந்து சேர்ந்தான். முப்பிடாதி அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கணவாய்ப் பாறையில் உட்கார வைத்தாள். காற்று அவனுடைய வாய்க்குள் போய், நெஞ்சைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூக்கு வழியாக வெளியே வந்தது. மூச்சு விடுகிற வேலையை அன்றைக்கே அவன் காற்றிடம் ஒப்படைத்துவிட்டான். தினமும் காலையில் பாறையில் போய் உட்காருவான், சாயங்காலம் வரை காற்று அவனுக்காக மூச்சு விடும், இவன் பாட்டுக்கு ஊர்க்கதை பேசுவான்; கமாவும் கிடையாது புள்ளியும் கிடையாது, ஒரே மூச்சில் ஒரு கல்யாணத்தை நிச்சயதார்த்தத்திலிருந்து மறுவீடு வரைக்கும் சொல்லி முடிப்பான். ‘அந்த வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போடக் கூடாதா?’ என்று முப்பிடாதியே எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

காற்று நின்ற முதல் வாரத்தில் அவனால் ஒரு மூச்சுக்கு ஆறு வார்த்தை பேச முடிந்தது. இரண்டாம் வாரத்தில் மூன்று. அவள் பனை விசிறியால் விசிறினாள். விசிறிக் காற்று முகத்தில் பட்டதே தவிர உள்ளே போகத் தெரியாமல் உதட்டோடு நின்றது.

காற்று எங்கே போயிற்று என்பது நாலரை மணி பஸ்ஸில் தெரிந்தது. சாரல் விழுந்ததால் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் நின்றிருந்தது. வெளியே ஒரு புல் அசையவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுடைய தலைமுடியெல்லாம் பறந்தது, சேலைத் தலைப்புகள் கூரையில் மோதின, கண்டக்டர் டிக்கெட்டுகளைத் துரத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஓடினார். முப்பிடாதி கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்தாள். அதற்குப் பின்னால் போன வேன்களிலும் திரைச்சீலைகள் உள்ளிருந்து வெளியே பார்த்துப் புடைத்திருந்தன.

அவள் போய்ச் சொன்னபோது ஊரில் யாருக்கும் ஆச்சரியப்படத் தோன்றவில்லை. வருகிறவர்கள் நெல்லிக்காய் பறித்துப் போகிறார்கள், கூழாங்கல் பொறுக்கிப் போகிறார்கள், கோயில் மணியின் நாக்கைக்கூட ஒருத்தர் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார், காற்றை மட்டும் விட்டுவைப்பார்களா என்றார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் பாறையிலிருந்து துப்பட்டாவை எறிய, காற்று அதைத் தூக்கி வந்து அவள் தோளிலேயே திரும்பப் போட்டது ஒரு வீடியோவாகிப் பரவியதிலிருந்து ஆரம்பித்த கூட்டம் இது. தொப்பியை எறிந்தார்கள், வந்தது. காகிதத் தட்டை எறிந்தார்கள், வந்தது. சிப்ஸ் பாக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எறிந்தார்கள், சலிக்காமல் எல்லாவற்றையும் காற்று தூக்கி வந்து பாதையில் போட்டது, ஊர்ப் பெண்கள் கூட்டி அள்ளினார்கள். இப்போது எறிந்தது எறிந்தபடி பள்ளத்தில் கிடக்கிறது. ஒரு வாரத்தில் பள்ளத்தின் அடியில் இருந்த ஓடை கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆனால் வந்தவர்களை ஏசவும் யாருக்கும் வாய் வரவில்லை. அவர்கள் வந்த பிறகுதான் ஊரில் ஜீப் வந்தது, பரோட்டாக் கடை வந்தது, மூன்று வீடுகளில் மாடி அறை எழும்பியது. முப்பிடாதி செங்கல் சூளைக்குப் போவதை நிறுத்திவிட்டு வண்டி போட்டதும் அதனால்தான். அவளுடைய அடுப்பு அவர்களால் எரிந்தது, அவளுடைய வீட்டுக்காரனின் மூச்சு அவர்களோடு பஸ் ஏறிப் போனது. இதில் எதை நினைத்துச் சந்தோஷப்படுவது, எதை நினைத்து அழுவது என்று தெரியாமல் அவள் கடலை அவித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் ஆவுடையப்பனுக்குச் சென்னையிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார்.

“சார், உங்க ஊர்க் காத்து எங்க வீட்டுக்கு வந்திருக்கு. பன்னிரண்டாவது மாடி. ராப்பகலா கதவை அடிச்சிட்டே இருக்கு, சாமி படமெல்லாம் விழுந்துடுச்சு. எப்படி சார் நிறுத்துறது?”

“அது எங்க காத்துதாம்மா. தயவுசெஞ்சு அனுப்பி வச்சிருங்க.”

“எதுல போட்டு அனுப்புறது?”

ஆவுடையப்பன், பஞ்சாயத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, கூட்டம் போட்டார்.

பஞ்சாயத்து ஆபீசில் அன்றுதான் புதிதாக மின்விசிறி மாட்டியிருந்தார்கள். ஊதல்மேட்டின் முதல் மின்விசிறி அது. கூட்டத்துக்கு வந்தவர்கள் பாதி நேரம் அதையே அண்ணாந்து பார்த்தார்கள். இது யாருடைய காற்றை எடுத்து நமக்குத் தருகிறது என்று ஒருத்தர் கேட்டார். தண்ணீர் லாரி மாதிரி பக்கத்துக் கணவாயிலிருந்து காற்று லாரி விடலாம் என்றார் ஜீப் வைத்திருக்கிறவர். ஆடி பிறந்தால் தானாக வரும் என்றார் பரோட்டாக் கடைக்காரர். காற்றில்லாத பாறையைப் பார்க்க எத்தனை நாளைக்கு ஜனம் வரும், இப்போதே பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள் என்றார் இன்னொருவர்.

முப்பிடாதி எழுந்தாள். “தலைவரே, கிணத்துல தண்ணி ஊறுத மாதிரி தினம் விடியக்காலம் கணவாயில ஒரு கைப்பிடி காத்து ஊறுது. நான் கண்ணால பாத்தேன், கோரைப்புல்லு லேசா அசைஞ்சது. எட்டு மணி வேன்ல வாரவுக அதையும் கொண்டு போயிருதாக. வாரத்துல ரெண்டு மூணு நாளு பாதையச் சாத்துங்க. மத்த நாள்ல இத்தன வண்டிதான்னு ஒரு கணக்கு வைங்க. ஊறட்டும்.”

“சீசன்ல பாதையச் சாத்துனா ஊர்ல எல்லாரும் காத்தையா குடிக்க?”

“காத்துதான் இல்லையே, தலைவரே.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரித்தார். பிறகு, “ஏளா, நீயே வண்டி போட்டிருக்க, நீயே சாத்தச் சொல்லுத. அன்னைக்கு ஒனக்கு வியாவாரம்?” என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முப்பிடாதி உட்கார்ந்துவிட்டாள்.

பாதையைச் சாத்துவதற்குப் பதிலாக ஒரு சாவடி போடுவது என்று முடிவாயிற்று. திரும்பிப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்று, துப்பட்டா, சட்டை, ஹெல்மெட், சட்டைப்பை, கைப்பை எல்லாவற்றையும் உதறிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு உதறல் சாவடி என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் படித்துவிட்டு, மலையில் பேய் ஏதாவது இருக்கிறதோ என்று சிலர் பாறைக்கே போகாமல் திரும்பினார்கள். மற்றவர்கள் சொன்னபடி உதறினார்கள். ஏன் உதறுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்து, சில பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டும் உதறினார்கள்.

காற்று விழுந்ததென்னவோ உண்மைதான். ஆனால் எல்லாம் துண்டு துண்டாக விழுந்தது. கைக்குட்டை அளவு ஒன்று, ஹெல்மெட் அளவு ஒன்று, கால்சட்டைப்பை அளவு ஒன்று. ஒன்று கிழக்கே போயிற்று, ஒன்று தெற்கே போயிற்று, ஒன்றோடொன்று சேரத் தெரியாமல் முழித்தன. சென்ட் வாடை அடித்த ஒரு துண்டு ரேஷன் கடைக்குள் புகுந்து காலண்டர் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தது, அதனால் அந்தக் கடையில் மட்டும் தை மாதம் வந்துவிட்டது. இன்னொன்று ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு, வாலை மட்டும் தூக்கித் தூக்கிக் காட்டியது. ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நாலு பக்கமும் தள்ளாடினார்கள். பகலிலேயே எல்லாரும் குடித்திருக்கிறார்கள் என்று வந்தவர்கள் படம் எடுத்துப் போட்டார்கள்.

முப்பிடாதி அந்தத் துண்டுகளில் ஒன்றை எப்படியோ முந்தானையில் பிடித்து, முடிச்சுப் போட்டு, வீட்டுக்கு ஓடி வந்து உச்சிமாகாளியின் முகத்துக்கு நேராக அவிழ்த்தாள். அது அவன் மூக்கைத் தொட்டது. சிப்ஸ் வாடை அடித்தது. அவனுக்கு இருமல் வந்து கண் செருகிவிட்டது. தெளிந்ததும் அவளைக் கூப்பிட வாயெடுத்தான். “முப்பி...” என்றான். அதற்கு மேல் மூச்சு இல்லை. ‘டாதி’யை விட்டுவிட்டான்.

கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷத்தில் அவன் அவள் பெயரைப் பாதியில் விட்டதில்லை. இவன் போய்விடுவான், அடுத்த தடவை ‘மு’வோடு நிற்பான், அதற்கடுத்த தடவை அதுவும் இருக்காது. அவள் அடுப்பங்கரைக்குப் போய் நின்று அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டிக்குப் போனாள். சனி ஞாயிறு கூட்டம் வரும், மாங்காய் நறுக்க வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. பாதையின் ஓரத்தில் நிற்கிற பெரிய போர்டுக்கு மறுவண்ணம் பூச ஜெபமணி வந்திருந்தான். கடைப் பெயர்களிலிருந்து கல்லறைப் பெயர்கள் வரைக்கும் சுற்றுவட்டாரத்தில் எல்லாம் அவன் கையெழுத்துதான். கூட்டம் குறைவதால் எழுத்தை இன்னும் பெரிதாக, பளிச்சென்று எழுதச் சொல்லி ஆவுடையப்பன் வரவழைத்திருந்தார். போர்டு கிழக்கே, பஸ் வருகிற பக்கம் பார்த்து நிற்கும். முப்பிடாதியின் வண்டி அதற்கு மேற்கே. மூன்று வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் போர்டின் துருப்பிடித்த முதுகைத்தான். அன்று ஜெபமணிக்குக் கீற்றுக் கொடுக்க முன்பக்கம் போனவள், முதல் முறையாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“காற்று... வாங்க... வாங்க.” மறுபடி படித்தாள். “என்ன ஜெபமணி இது, வாங்க வாங்கன்னு ரெண்டு தடவ?”

“ஒண்ணு காத்து வாங்குதது மைனி. இன்னொண்ணு வாங்கன்னு கூப்பிடுதது.”

“நம்ம ஊர்ல எவன்வே காத்து வாங்குதான்? காத்தாடப் போறேன்னுலா சொல்லுவோம்.”

ஜெபமணி கீற்றை மென்றுகொண்டே தலையைச் சொறிந்தான். “தலைவரு அண்ணாச்சி ‘காத்தாட வாங்க’ன்னுதான் எழுதச் சொன்னாவ. படிச்சவுக வார எடம், பட்டிக்காட்டுப் பேச்சா இருக்கேன்னு நாந்தான் மாத்துனேன். டவுன்ல எல்லாரும் காத்து வாங்கன்னுதானே சொல்லுதாவ. ஏன், தப்பா?”

முப்பிடாதி போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆடுவது என்றால் ஆற்றில் நீராடிவிட்டு ஆற்றை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிற மாதிரி, காற்றைக் காற்றிலேயே விட்டுவிட்டு வருவது. வாங்குவது என்றால் கையோடு கொண்டுபோவது. மூன்று வருஷமாக வருகிற ஒவ்வொரு வேனும் இந்த இடத்தில் நின்று, குழந்தை குட்டியோடு இதை உரக்கப் படித்துவிட்டு, “காத்து வாங்க வந்தோம், காத்து வாங்க வந்தோம்” என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறியது அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. காற்றின் காதிலும் விழுந்திருக்கும். கேட்டார்கள், அது கொடுத்தது. ஈயம் பூச வருகிறவனைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கிற ஊதல்மேட்டில், காற்றை ஒருத்தரும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது பாட்டுக்கு வரும், எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டார்கள். அவளும்தான் இருந்தாள்.

இதெல்லாம் சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள நாளும் இல்லை.

“ஜெபமணி, முதல் வாங்கவ அழி.”

“அழிச்சா ‘காற்று’ ஒரு மூலையில, ‘வாங்க’ ஒரு மூலையில கெடக்குமே மைனி. காத்தக் கூப்பிடுத மாதிரில்லா இருக்கும்.”

“கூப்பிடத்தான் சொல்லுதேன். அழிச்சிட்டுப் போர்டத் திருப்பி மேக்க பாத்து நடு.”

“தலைவரு ஏசுவாவ.”

“ஏசட்டும். நான் சொன்னேன்னு சொல்லு.”

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு முப்பிடாதி வண்டியிலிருந்த மாங்காய்க் கூடையையும் கடலை அண்டாவையும் வீட்டிலேயே இறக்கி வைத்தாள். வண்டியின் மேல் ஜமுக்காளத்தை விரித்து, உச்சிமாகாளியைத் தூக்கிப் படுக்க வைத்து, தள்ளிக்கொண்டு போய், வளைவு தாண்டிப் பாதை குறுகுகிற இடத்தில் குறுக்கே நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். எட்டு மணி வேன் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் பஸ். ஒலிப்பான் சத்தத்தில் காது கிழிந்தது. இறங்கி வந்தவர்கள் வண்டியில் படுத்திருந்தவனையும் அவனுடைய நெஞ்சு ஏறி இறங்க மாட்டாமல் தவிக்கிறதையும் பார்த்துவிட்டு, என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

“இன்னைக்குக் காத்து ஊர்ல இல்ல,” என்றாள் முப்பிடாதி. “வந்ததும் சொல்லுதோம்.”

பரோட்டாக் கடைக்காரர் ஓடி வந்தார். “ஏளா, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுதியே, நல்லாருப்பியா?” என்று கத்தினார். முப்பிடாதி சக்கரத்துக் கல்லைக் காலால் இன்னும் அழுத்தினாள். தன் பிழைப்பிலும் அதே மண்தான் விழுகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆவுடையப்பன் வந்தார், வண்டியை நகர்த்தச் சொல்லிக் கை ஓங்கியபடி வந்தவர், உச்சிமாகாளியின் முகத்தைப் பார்த்ததும் ஓங்கிய கையால் தலையைத் தடவிக்கொண்டார்.

“என்னளா இது?”

“இவுக மூச்சு வாரது வரைக்கும் இந்த வண்டி நகராது, தலைவரே. நகத்தணும்னா நீங்களே தள்ளுங்க.”

உச்சிமாகாளி கண்ணைத் திறந்து தலைவரைப் பார்த்தான். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவன் ஏதோ சொல்ல வாயசைத்தான், சத்தம் வரவில்லை. ஆவுடையப்பன் வண்டியைத் தொடவில்லை. மத்தியானத்துக்குள் பாதையில் கயிறு கட்டி ஒரு அட்டை தொங்கியது: ‘பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது’. எதைப் பராமரிக்கிறார்கள் என்று அதில் எழுதவில்லை, கேட்டிருந்தாலும் ஆவுடையப்பனால் சொல்லியிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் கணவாயில் ஊறிய கைப்பிடிக் காற்றை எடுத்துப்போக யாரும் வரவில்லை. அது என்ன செய்வதென்று தெரியாமல் கோரைப்புல்லில் உட்கார்ந்திருந்தது. திங்களன்று இன்னொரு கைப்பிடி சேர்ந்தது. ரேஷன் கடைத் துண்டும், கோழியைப் பிடித்துக்கொண்டிருந்த துண்டும் தட்டுத் தடுமாறி அங்கே வந்து சேர்ந்தன. ஊர் ஜனம் பள்ளத்தில் இறங்கி, சாக்குச் சாக்காகக் குப்பையை ஏற்றியது. யார் சொல்லி இறங்கினார்கள் என்று பிறகு யாருக்கும் ஞாபகமில்லை, சும்மா இருக்க முடியாமல் இறங்கியிருப்பார்கள். பரோட்டாக் கடைக்காரரும் இறங்கினார், ஏசிக்கொண்டே இறங்கினார். ஓடை மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முப்பிடாதி உச்சிமாகாளியைப் பாறையில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றாள். விருந்தாளி வந்தால் அப்படித்தான் நிற்பது. ஊர் அவள் பின்னால் நின்றது. காற்றிடம் எப்படிப் பேசுவது, குனிந்தா நிமிர்ந்தா, அதற்கு உறவுமுறை என்ன, ஒன்றும் தெரியவில்லை. ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். முப்பிடாதி பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர்ச் சம்பந்தியைக் கூப்பிடுகிற மாதிரி, “வாங்க,” என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

“வாங்க,” என்றார் ஆவுடையப்பன். “வாங்க வாங்க,” என்றது ஊர், கத்தியே பழகிய தொண்டையால். செம்பில் இருந்த தண்ணீர் முதலில் லேசாக நெளிந்தது. பிறகு முப்பிடாதியின் முந்தானை நுனி எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பியது. பின்னால் நின்ற ஜனம் ஒவ்வொருவராக, தங்களை அறியாமல், முன்னால் சாய ஆரம்பித்தார்கள்.

முழுசாக வரவில்லை. போனதில் பாதி வந்திருக்கலாம். செவ்வாய் புதன் வியாழன் மூன்று நாளும் பாதையைச் சாத்துவது, மற்ற நாளில் காலை இரண்டு வேன், மாலை இரண்டு வேன் என்று அன்றைக்கே பஞ்சாயத்தில் எழுதினார்கள். அது போதுமா கூடுதலா, இந்தக் காற்றுக்கு என்ன பிடிக்கும், மறுபடி போய்விடுமா என்று கேட்டால் இன்றைக்கும் ஊதல்மேட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேன் வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் இறங்கி நின்றார்கள். போர்டின் துருப்பிடித்த முதுகைப் பார்த்தார்கள், அதில் படிக்க ஒன்றுமில்லை. கீற்று நறுக்கிக்கொண்டிருந்த முப்பிடாதியைப் பார்த்து, “வரலாமாக்கா?” என்று கேட்டார்கள்.

மூன்று வருஷப் பழக்கத்தில் அவளுக்கு நாக்கு நுனி வரை ‘வாங்க’ வந்துவிட்டது. அப்படியே கடித்து நிறுத்தினாள். அந்த வார்த்தை இப்போது அவளுடையது இல்லை, செம்புத் தண்ணீரோடு காற்றுக்குக் கொடுத்தாயிற்று. அதைச் சொல்லாமல் வந்தவர்களை எப்படிக் கூப்பிடுவது? வேறு வார்த்தை தமிழில் இருக்கிறதா? ஒன்றும் ஓடவில்லை. கை பாட்டுக்கு மிளகாய்ப் பொடியை எடுத்து, ஒரு சாண் மேற்கே தள்ளித் தூவியது. பாதிப் பொடி மாங்காயில் விழுந்தது. மீதி, காற்று இன்னும் கைப்பழக்கத்துக்கு வராததால், நேராக அவள் முகத்துக்கு வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பாறைப் பக்கம் திரும்பினாள். உச்சிமாகாளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏட்டி முப்பிடாதி, ஒரு மாசமா சொல்லணும் சொல்லணும்னு கெடக்கேன், ஒன் மாங்காய்ல உப்பு பத்தல, கடலைய இன்னும் ஒரு கொதி வேக விடணும், ஆவுடையப்பன் தலைக்கு மை அடிக்கது எனக்கு எட்டு வருசமாத் தெரியும், பாவம்னு சொல்லாம இருந்தேன், நீ என்னையத் தூக்கி வண்டியில போட்டு நடுரோட்டுல நிறுத்துனியே, அன்னைக்கு எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, ஒன்னைய நெனச்சுப் பெருமையாவும் இருந்துச்சு, அந்தா நிக்காவளே அந்த நாலு பேரு, பாவம், அவுகள எதுக்கு வெயில்ல காய விடுத, வந்து காத்தாடிட்டு அத இங்கனயே விட்டுட்டுப் போகச் சொல்லு,” என்று உச்சிமாகாளி ஓரிடத்திலும் நிற்காமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். முப்பிடாதி கையில் மாங்காயோடு நின்று தேம்பித் தேம்பி அழுதாள், பொடி கண்ணில் பட்டுவிட்டது போலிருக்கிறது என்று அந்த நாலு பேரும் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்கள்.